கல்லும் கோலும்: நினைவு மரபில் ஓர் ஆய்வு

முன்னுரை

மனிதன் மறதி உடையவன். மறதி உடையவனாதலின் நினைவுக்குத் துணை தேடினான். மாண்டாரை நினைக்கக் கல்லை நட்டான். சான்றோரை நினைக்கச் சிலை வடித்தான். ஆட்சியின் அறத்தை நினைக்கக் கோலை ஏந்தினான். கல்லும் சிலையும் கோலும் உயிரற்ற பொருள்களே. எனினும், ஓரினத்தார் எவற்றை மறக்க விரும்பவில்லை என்பதை அவை நமக்கு அறிவிக்கின்றன. ஆதலின் ஒரு நாட்டின் நினைவுச் சின்னங்களை ஆராய்வது அந்நாட்டு மக்களின் நெஞ்சத்தை ஆராய்வதே ஆகும்.

இத்துறையில் தமிழகத்திற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பயிலும் நமக்கு, சிறப்பாக இசுலாமிய மாணவர்க்கு, ஒரு வினா எழுவது இயல்பு. உருவ வழிபாட்டை ஏற்காத நாம், கல் நட்டு வாழ்த்திய இம்மரபில் எங்கு நிற்கிறோம்? அம்மரபு நமக்கு அயலானதா? அன்றி அதன் ஒரு கூறு நம்மிடமும் வாழ்கின்றதா? இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு, தமிழிலக்கியம் காட்டும் கல்லையும் கோலையும் இக்கட்டுரையில் காண்போம்.

நடுகல் மரபு

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நிலை. அதனைக் கொள்வதற்குத் தொடங்குவது அடுத்தது. பின்னர் நீரில் ஆட்டித் தூய்மை செய்தல், நடுதல், பெருஞ்சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என ஏனைய நிலைகள் தொடர்கின்றன. ஓர் இலக்கண நூல் கல் நடும் முறைக்கு இலக்கணம் வகுத்துள்ளமையை நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். சொல்லுக்கு ஒழுங்கு வேண்டுவது போலவே நினைவுக்கும் ஒழுங்கு வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும்.

இலக்கியம் கூறுவதை மண்ணும் மெய்ப்பித்துள்ளது. 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவை கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவற்றுள் ஒன்று கூடலூர் என்னும் ஊரில் நிகழ்ந்த ஆநிரை கோடலையும், அதில் உயிர் துறந்த ஒருவனின் பெயரையும் கூறுகின்றது. அவன் முடி மன்னன் அல்லன்; குறுநில மன்னனும் அல்லன். ஊரார் மாடுகள் பொருட்டு நிகழ்ந்த பூசலில் மாண்ட ஓர் எளிய மனிதன். அவன் பெயர் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து நம்மை வந்தடைந்துள்ளது.

இன்னும் வியப்பளிப்பது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. தன் தலைவன் வீழ்ந்த பின்னும் அவனருகே நின்று கள்வரைக் கடித்துக் காவல் புரிந்த ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். நன்றி மறவாத விலங்குக்கும் நன்றி மறவாத மக்கள் கல்லில் இடமளித்தனர். பேரரசர்களின் மெய்க்கீர்த்திகளைப் படிக்கும்போது தோன்றாத ஒரு நெகிழ்ச்சி இச்சிறு கல்லைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுகின்றது.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரமும் நடுகல்லைச் சுட்டுகின்றது. தன் தலைவனை எதிர்த்து நின்றவர் பலர் இன்று கல்லாக நிற்கின்றனர் என்று ஒரு வீரன் பகைவரை எச்சரிப்பதாக வள்ளுவர் பாடுகின்றார். அதிகமானுக்கு நட்ட கல்லைக் கண்ட ஔவையாரோ வேறொரு குரலில் பேசுகின்றார். நாடே கொடுத்தாலும் கொள்ள இசையாத அப்பெருமகன், இக்கல்லின் முன் சிறு கலத்தில் வைக்கும் படையலையா ஏற்கப் போகின்றான் என்று அவர் புலம்புவதைப் புறநானூற்றில் காண்கிறோம். கல் நட்டவரே கல்லின் போதாமையை உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நடுகல்லையன்றி வேறு கடவுள் தமக்கு இல்லை என்னும் கருத்தமைந்த பாடலும் அத்தொகை நூலில் உண்டு. நினைவு வழிபாடாக மாறிய நிலையை அது காட்டுகின்றது. அவ்விடத்தில் நம் நெறி வேறு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வழிபாட்டில் வேறுபடுவோர் நன்றியுணர்வில் ஒன்றுபடலாம்.

சிலம்பில் கோலும் கல்லும்

கோலும் கல்லும் ஒருங்கே இடம்பெறும் பெருங்காப்பியம் சிலப்பதிகாரம். மதுரைக் காண்டத்தில் கோல் வளைகின்றது. வஞ்சிக் காண்டத்தில் கல் எழுகின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

குடையும் கோலும் வீழக் கனாக் கண்டதாகப் பாண்டிமாதேவி கூறுவதுடன் வழக்குரை காதை தொடங்குகின்றது. கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைக்கின்றாள். அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் உள்ளவை மாணிக்கப் பரல்கள். சிலம்பு உடைகின்றது, மணி தெறிக்கின்றது, உண்மை வெளிப்படுகின்றது. பொற்கொல்லன் சொற்கேட்டு ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன், தானே கள்வன் எனக் கூறி வீழ்ந்து உயிர் துறக்கின்றான்.

இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் என்ன கூறினான்? பாண்டியனை இகழ்ந்தானல்லன். வளைந்த கோலை அவன் போக்கிய உயிர் நிமிர்த்தியது என்று போற்றினான். ஒரு மன்னனின் பிழையையும் அப்பிழைக்கு அவன் தந்த விலையையும் மற்றொரு நாட்டு மன்னன் நேர்மையோடு நினைவுகூர்கின்றான். குறையை மறைத்துப் புகழ்வது முகமன். குறையையும் நிறைவையும் ஒருங்கே எடுத்துரைப்பதே வரலாறு. இளங்கோவடிகள் பாண்டியனுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் இவ்வரலாற்று நேர்மையே எனலாம்.

பின்னர்ச் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளை வினவுகின்றான். கணவனுடன் உயிர்நீத்த பாண்டிமாதேவி, சினத்தொடு நம் நாடு வந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கவர் யார் என்பது அவன் வினா. பாண்டிமாதேவி வானுலகச் சிறப்புப் பெறுக என வாழ்த்திய வேண்மாள், நம் நாடு அடைந்த பத்தினியைப் போற்றுதல் வேண்டும் என்றாள். அதன்பின் இமயத்திற் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கனகவிசயர் தலைமேல் ஏற்றி வஞ்சிக்குக் கொணர்ந்தான் சேரன். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனக் காதைகளின் பெயர்களே தொல்காப்பியர் வகுத்த நெறியை நினைவூட்டுகின்றன. இலங்கைக் கயவாகு மன்னனும் அவ்விழாவில் கலந்துகொண்டதாகக் காப்பியம் கூறுகின்றது.

போர்க்களத்தில் மாண்ட ஆடவனுக்கே உரியதாயிருந்த கல், இங்கு நீதி கேட்ட ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு உரியதாயிற்று. கோல் வளைந்த இடத்தில் தவறிழைக்கப்பட்டவருக்காக எழுந்த கல் அது. ஆகவே சிலப்பதிகாரத்தில் கல் என்பது கோலின் மீது மக்கள் வழங்கிய தீர்ப்பாகவும் அமைகின்றது.

கோல் என்னும் சொல்

இனிக் கோலின் பொருளைக் காண்போம். தமிழில் கோல் என்னும் சொல் பலபொருள் ஒரு சொல். அரசன் ஏந்துவதும் கோல். ஆயன் ஏந்துவதும் கோல். நிலம் அளப்பதும் கோல். எழுதப் பயன்படுவது எழுதுகோல். நிறுக்கப் பயன்படுவது துலாக்கோல். இவை யாவும் ஒரு பண்பில் இணைகின்றன. அஃதாவது, கோல் வளையாதிருத்தல் வேண்டும். வளைந்த அளவுகோல் நிலத்தைப் பிழைபட அளக்கும்; சாய்ந்த துலாக்கோல் பொருளைப் பிழைபட நிறுக்கும். அரசன் கோலுக்குச் செம்மை என்னும் அடை தரப்பெற்றது இதனாலேயே.

திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். மன்னனுக்கு வெற்றி தருவது வேல் அன்று, வளையாத கோலே என்று அவர் அறுதியிட்டுக் கூறுகின்றார். அடுத்த அதிகாரத்திலோ, கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்தி நின்று வழிப்பறி செய்பவனின் செயலுக்கு ஒப்பிடுகின்றார். முன்னதில் வேலினும் உயர்ந்த கோல், பின்னதில் வேலாகவே மாறிவிடுகின்றது. பொருள் ஒன்றே, பற்றிய கை மாறியதால் பெயரும் மாறிற்று. நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோர்க்கு அவர் காட்டும் உவமையும் துலாக்கோலே.

கோன் என்னும் சொல் அரசனையும் ஆயனையும் குறிக்கும். காப்பவன் எவனோ அவனே கோன். இக்கருத்தை நாம் திருமறையிலும் நபிமொழியிலும் காண்கிறோம். மூசா நபி (அலை) அவர்களிடம், வலக்கரத்தில் இருப்பது யாது என இறைவன் வினவியதைத் தாஹா அத்தியாயம் கூறுகின்றது. இது என் கைத்தடி, இதன்மீது சாய்ந்துகொள்வேன், என் ஆடுகளுக்கு இதனால் தழை பறிப்பேன் என்பதே அவர்கள் அளித்த விடையின் பொருள். ஃபிர்அவ்னின் செருக்கை அடக்கிய கோல் ஓர் ஆயனின் கோலாகவே இருந்தது. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே. உங்கள் பொறுப்பில் உள்ளவரைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவீர் என்னும் கருத்தமைந்த பெருமானார் (ஸல்) அவர்களின் மொழியை அறியாதார் இலர். வெள்ளிக்கிழமைதோறும் கதீப் அவர்கள் அஸா என்னும் கோலைப் பற்றி நின்று குத்பா ஓதுவதைப் பல பள்ளிவாசல்களில் காண்கிறோம். அக்கோலைக் காணும்போதெல்லாம் இப்பொறுப்பு நம் நினைவிற்கு வருதல் வேண்டும்.

கோலின் நிலையாமையையும் திருமறை நமக்கு உணர்த்துகின்றது. பேரரசு ஆண்ட சுலைமான் நபி (அலை) அவர்கள் தம் கோலின்மீது சாய்ந்த நிலையிலேயே உயிர் நீத்தார்கள். பணியில் ஈடுபட்டிருந்த ஜின்கள் அதனை அறியவில்லை. பூச்சி ஒன்று அக்கோலை அரித்து, திருமேனி சாய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஸபா அத்தியாயம் எடுத்துரைக்கும் இந்நிகழ்ச்சி ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் பெரும்பாடம். கோல் நிற்பதாலேயே ஆட்சி உயிருடன் இருப்பதாகக் கருதுதல் பிழை.

மீசான் கல்

உருவம் செதுக்காத இசுலாமிய மரபில் நினைவுக்கு இடமில்லையோ எனச் சிலர் ஐயுறுவர். உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட பின்னர், பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கல்லைத் தாமே சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் அடக்கவிடத்தை இதனால் அறிந்துகொள்வேன் என்னும் கருத்துப்படக் கூறினார்கள். இச்செய்தி நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அக்கல்லில் உருவம் இல்லை, ஆரவாரம் இல்லை, அன்பு மட்டுமே இருந்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்த வேளையில் தோழர்கள் கலங்கி நின்றனர். முகம்மதை வணங்கியோர் அவர் மறைந்துவிட்டார் என்பதை அறியட்டும். இறைவனை வணங்கியோர் அவன் என்றும் உயிருடன் இருப்பவன் என்பதை அறியட்டும் என்னும் பொருள்பட அபூபக்கர் (ரலி) அவர்கள் உரைத்தார்கள். நினைவுக்கும் வழிபாட்டுக்கும் இடையே உள்ள எல்லையை இதனினும் தெளிவாக வரைதல் அரிது.

தமிழ் முசுலிம்கள் அடக்கவிடத்தின் தலைமாட்டில் நடும் கல்லை மீசான் கல் என்பர். மீசான் என்னும் அரபுச் சொல் தராசைக் குறிக்கும். வானை உயர்த்திய இறைவன் தராசை நிறுவினான்; நிறுவையில் வரம்பு மீறாதீர் என்று அர்ரஹ்மான் அத்தியாயம் அறிவுறுத்துகின்றது. வள்ளுவர் சான்றோர்க்கு உவமை காட்டிய துலாக்கோலும், நாம் அடக்கவிடத்தில் நடும் கல்லின் பெயரும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. கல்லும் கோலும் இங்கு ஒன்றாகின்றன. ஆண்டவனாயினும் ஆண்டியாயினும் இறுதியில் அவனருகே நிற்பது தராசின் பெயர் தாங்கிய ஒரு கல்லே. நம் முன்னோர் அப்பெயரால் அக்கல்லை வழங்கியதில் ஆழ்ந்த அறிவுரை அடங்கியுள்ளது.

செங்கோன்மைக்குக் கல் சான்றாக நின்ற இடங்களும் நம்மிடையே உண்டு. மதுரைக் கோரிப்பாளையம் தர்காவிற்குரிய ஊர்களின் உரிமை பற்றி வழக்கெழுந்தபோது, வீரப்ப நாயக்கர் தர்காவின் உரிமையை உறுதி செய்தார். 1573-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. வேற்றுச் சமயத்தார் வழக்கில் கோல் கோடாது நின்றமையைக் கல் காத்து வைத்துள்ளது. நாகூரில் வானளாவ நிற்கும் பெரிய மினாரா, 1739 முதல் 1763 வரை ஆண்ட தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் எழுப்பியதாகும். 131 அடி உயரமுடைய அதனைக் காண்போர், ஓர் இந்து மன்னரின் நன்றியையும் உடன் காண்கின்றனர்.

கல் வேண்டாத நினைவு

கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரக்காயருக்கு நாட்டு மக்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் யாது? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் பழமொழியே அது. வள்ளல் மறைந்த செய்தி அறியாது வந்த புலவர், அடக்கவிடத்தின் முன் நின்று வருந்திப் பாட, அங்கிருந்து கணையாழி கிடைத்தது என்று வழிவழிக் கதை கூறும். கதையின் மெய்ம்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. கொடை என்றதும் ஒரு முசுலிம் வள்ளலின் பெயர் தமிழர் அனைவர் நாவிலும் எழுகின்றதே, அதுவே நாம் கருதத்தக்கது. இச்சின்னத்திற்குப் பீடம் இல்லை. வெயிலும் மழையும் இதனைச் சிதைப்பதில்லை.

அவ்வள்ளலின் ஆதரவு பெற்ற உமறுப்புலவர், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் சீறாப்புராணம் பாடினார். 5027 பாடல்கள் கொண்ட அக்காப்பியம் நிறைவுறும் முன்னரே வள்ளல் மறைந்தார். பின்னர் அபுல்காசிம் மரக்காயர் புலவரை ஆதரித்தார். அவரது உதவியைக் கம்பர் சடையப்பரைப் பாடியது போலப் புலவர் தம் காப்பியத்துள் நன்றியுடன் குறித்துள்ளார். பெருமானாரின் வாழ்வை உருவம் வரையாது சொல்லால் நினைவிற் பதித்த அருஞ்செயல் சீறா. சிலம்பு மூன்று காண்டங்களில் கல்லை நோக்கிச் சென்றது; சீறா மூன்று காண்டங்களில் சொல்லையே கோயிலாக்கியது.

நம் காலச் சின்னங்கள்

இவ்வாய்வின் ஒளியில் அண்மைக் காலத்தை நோக்குவோம். 1968-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் சான்றோர் சிலைகள் அணிவகுத்தன. அவற்றுள் ஒன்றான கண்ணகி சிலை 2001-ஆம் ஆண்டு திசம்பரில் அகற்றப்பட்டது. 2006-ஆம் ஆண்டு சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. சிலை இல்லாதிருந்த ஆண்டுகளிலும் கண்ணகியைத் தமிழர் மறந்தாரல்லர். காரணம், அவள் முதலில் நிறுவப்பெற்றது காப்பியத்தில். பீடத்தினின்று இறக்கலாம்; பாட்டினின்று இறக்க இயலாது.

குமரி முனையில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை 133 அடி உயரமுடையது. பீடத்தின் 38 அடி அறத்துப்பால் அதிகாரங்களையும், சிலையின் 95 அடி ஏனைய இருபால்களின் அதிகாரங்களையும் குறிக்கும். அறமாகிய அடித்தளத்தின் மீதே பொருளும் இன்பமும் நிற்க வேண்டும் என்னும் கருத்தைச் சிற்பி கணபதி தபதி அளவாலேயே உணர்த்தியுள்ளார். நூலைப் படித்தவனுக்கே அச்சிலை முழுமையாகப் பேசும்.

1947-ஆம் ஆண்டு ஆகசுடு 14-ஆம் நாள் இரவில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேரு அவர்களிடம் பொற்கோல் ஒன்று வழங்கப்பட்டது. பின்னர் அது அலகாபாத் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் இருந்தது. 2023-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் புதிய நாடாளுமன்ற மக்களவையில் நிறுவப்பட்டது. அக்கோல் வழங்கப்பட்ட நோக்கம் குறித்து அப்போது அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. அவ்வாதத்தில் நாம் புக வேண்டுவதில்லை. மன்னராட்சி நீங்கிய நாட்டில் கோல் யாருடையது என்பதே நாம் வினவத்தக்கது. குடியாட்சியில் கோல் குடிமக்களுடையது. அது வளையாதிருத்தல் வேண்டுமெனில், வலியவன் வழக்கும் எளியவன் வழக்கும், பெரும்பான்மையோர் வழக்கும் சிறுபான்மையோர் வழக்கும் ஒரே தராசில் நிறுக்கப்படுதல் வேண்டும். அன்று கண்ணகி அவையேறிக் கேட்டதும், வீரப்ப நாயக்கர் கல்லிற் பொறித்ததும் அதுவே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. நடுகல் மரபின் உயிர் நன்றியுணர்வு. செங்கோலின் உயிர் நடுவுநிலை. இவ்விரண்டும் தமிழ் நெறிக்கும் இசுலாமிய நெறிக்கும் பொதுவானவை. வழிபாட்டு முறையில் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை மதித்துக்கொண்டே இப்பொதுமையைப் போற்றலாம். தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே: நாம் இம்மரபின் வாயிலுக்கு வெளியே நிற்பவரல்லேம், அதன் உள்ளே, நமக்குரிய இடத்தில் நிற்பவரே ஆவோம்.

இனி நம் கடமை யாது? ஊர்ப்புறங்களில் நடுகற்கள் படிக்கற்களாகவும் துணி துவைக்கும் கற்களாகவும் கிடந்ததுண்டு. நம் பள்ளிவாசல்களும் இதற்கு விலக்கல்ல. புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழங்கல்வெட்டுகள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைவதையும், எழுத்துள்ள மீசான் கற்கள் அடித்தளக் கற்களோடு கற்களாய்ப் போவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஊர்ப் பெரியோர் மனம் வைத்தால் அவற்றைக் காக்கலாம். மாணவர்கள் விடுமுறை நாள்களில் தத்தம் ஊர்க் கற்களைப் படியெடுத்து, பெயர், ஆண்டு, வாசகம் ஆகியவற்றை ஏட்டில் குறித்தால், அதுவே சிறந்த ஆய்வுத் தொண்டு. அரபுத் தமிழில் எழுதப்பட்டவற்றைப் படிக்க வல்ல முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்வது அறிவுடைமை.

நாய்க்கும் கல்லில் இடமளித்த நாடு இது. நம் பாட்டன் பூட்டனின் பெயர்கள் மண்ணோடு மறைய நாம் வாளா இருத்தல் தகாது. அவர்கள் ஏந்திய கோல் இன்று எழுதுகோலாக நம் கையில் உள்ளது. அதனை வளையாது பிடிப்போமாக. இறைவன் அருள் புரிவானாக.